பசுந்தீனும் வேண்டும், மேய்ச்சல் தரையும் வேண்டும்

எமது பகுதியில் மாடு ஒரு குடும்பத்தின் சேமிப்பாகும். பிள்ளையின் படிப்புக்கும் வயல் விதைப்புக்கும் அவசரத்துக்குக் கைகொடுப்பது அதுவே. 1990 ஆம் ஆண்டிலும், 2006-2007 காலப்பகுதியில் வாகரையிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் வந்தபோதும், பல குடும்பங்கள் பட்டி மாடுகளை விட்டுவிட்டே உயிர்தப்ப நேர்ந்தது. ஒன்றிரண்டு பசுக்களுடன் வாழ்வை மீண்டும் தொடங்கிய அக்குடும்பங்களுக்கே இதனை எழுதுகிறோம்.

கறவைப்பசுவுக்கு வைக்கோலைப் போட்டுவிட்டு, பால் குறைவென்று கவலைப்படுவோர் எம்மிடையே பலர். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் ஒரு காலத்தில் வைக்கோலிலிருந்து கடதாசிக்கூழ் செய்தார்கள். கடதாசிக்கு உதவும் அந்த நார்தான் வைக்கோலில் மிகுதி. அதன் உலர்நிறையில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே உண்டு. உயிர்ச்சத்து ஏ தரும் பொருளும் அதில் இல்லையென்றே சொல்லலாம். இதனால் பால் வற்றுகிறது, பசு சினைப்படுவது பிந்துகிறது, கன்றும் நோஞ்சானாகிறது.

மெலிந்த மாடு குளிரையும் தாங்காது. 2022 டிசெம்பரில் வீசிய குளிர்காற்றில் வடக்குக் கிழக்கில் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகளும் ஆடுகளும் மடிந்ததை நாம் மறக்கலாகாது. மாரி தொடங்கும்போது மாட்டின் உடலில் சதைப்பிடிப்பு இருக்க வேண்டுமானால், கோடையிலும் அதற்குப் பசுந்தீன் கிடைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய காணி தேவையில்லை. மாரி மழையோடு வேலியோரத்தில் சீமைக்கிளுவைத் தடிகளை நடலாம். கிளிரிசீடியா என்பதும் இதுவே. அதன் இலையின் உலர்நிறையில் புரதம் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல். அதன் மணத்தால் மாடு முதலில் முகம் திருப்பும். வெட்டிய குழையைச் சில மணிநேரம் வாடவிட்டு, புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்துப் பழக்க வேண்டும். கிணற்றடி நீர் பாயும் இடத்தில் சீ.ஓ.3 புல்லின் தண்டுகளை நட்டு, சாணமும் இட்டால், இரண்டு இரண்டரை மாதத்தில் முதல் வெட்டுக் கிடைக்கும். பின்னர் ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளுக்கொருமுறை வெட்டலாம். முற்றவிட்டால் அதுவும் வைக்கோலைப் போல நாராகிவிடும். வாவியோர உவர் மண்ணில் இது நன்றாக வராது.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு இருபது கிலோ பசும்புல் என்று வைத்தாலும், ஐம்பது மாடுள்ள பட்டிக்கு ஆயிரம் கிலோ வேண்டும். இதை எந்த வளவுக்குள் வளர்ப்பது? பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் பட்டிகள் தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குப் போவதும், அறுவடை முடிந்ததும் திரும்புவதும் எம் முன்னோர் கண்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் காக்கவே மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மேய்ச்சல் தரையில் வெளியிடத்தார் பயிர்செய்ய நுழைந்ததை எதிர்த்த அப்போராட்டம் ஒரு வருடத்தையும் கடந்து நீடித்தது. "வீட்டில் புல் வளர்க்கலாமே" என்று அவர்களுக்குச் சொல்வது நியாயமாகாது. வளவுப் புல் கறவைப்பசுவுக்கு உதவும். பட்டிக்கு மேய்ச்சல் தரையே வேண்டும்.

இன்னொன்று: காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவர் நாலு கம்பு நடவும் தயங்குகிறார். நாளைக்கு எழும்பச் சொன்னால் யாருக்காக நட்டது என்று அவர் கேட்பது சரியே. ஆகவே புல்லைப் பற்றிப் பேசுவோர் காணியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

எனவே எம் குடும்பங்கள் இரண்டையும் ஒருசேரச் செய்வோமாக. இந்த மாரியில் வேலியில் பத்துத் தடியாவது ஊன்றுவோம். தண்டு உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுப்போம். அதேவேளை மேய்ச்சல் தரைகளை எல்லையிட்டு, சட்டப்படி பண்ணையாளருக்கு உறுதிப்படுத்துமாறு ஒரே குரலில் கேட்போம்.