பொண்ணுன்னு விட்டுட்டேன்

போன வியாழக்கிழமை செஸ் கிளப் முடிந்து மகளைக் கூட்டி வரப் போனேன். ஹோ ஸ்ட்ரீட் முழுக்க நடந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயிச்சியா என்றேன். "ஜெயிச்சேன்" என்றாள், தோற்றவள் குரலில். ஆட்டம் முடிந்ததும் எதிரே இருந்த பையன் சொன்னானாம், பொண்ணுன்னு விட்டுட்டேன்னு.

ஒன்பது வயசு. டீச்சர்கிட்ட சொல்லட்டுமா என்றேன். "வேண்டாம்ப்பா, அது இன்னும் மோசம்." நியாயம்தான். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒரு பக் வந்தால், இதே பக் இதுக்கு முன்னாடி யாருக்காவது வந்திருக்கான்னு தேடுவேன். வந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில், வாரங்கல்லில்.

ராத்திரி தூங்க வைக்கும்போது ருத்ரமாதேவியைச் சொன்னேன். 2015-ல் அனுஷ்கா நடித்து, இளையராஜா இசையில் வந்த படம் பார்த்தவர்களுக்குப் பேர் தெரிந்திருக்கும். படத்தைவிட கல்வெட்டுகளில் இருக்கும் ஆள் எனக்குப் பிடிக்கும்.

காகதீய ராஜா கணபதிதேவனுக்கு ஆண் பிள்ளை இல்லை. மகளையே வாரிசாக்கினார். ஆனால் கல்வெட்டுகளில் அவள் பேர் ருத்ரதேவ மகாராஜா! "ஏன் பாய் நேம்?" என்றாள். ஸ்கூலில் ஜோன் ஆஃப் ஆர்க் படித்திருக்கிறாள். 1431-ல் ஜோனை எரித்தபோது, ஆண் உடை போட்டதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இங்கே அப்பாவே ஆண் பேரைக் கொடுத்து சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறார். மார்க்கோ போலோவும் குழம்பிப்போய் அவளை ராஜாவோட மனைவின்னு எழுதி வைத்தார். நல்லா ஆள்கிறாள் என்று மட்டும் சரியாகச் சொன்னார்.

அவள் பொறுப்புக்கு வந்த சமயம் நேரம் சரியில்லை. தெற்கே அப்போதுதான் சடையவர்ம சுந்தரபாண்டியன் காகதீயப் படையைத் தோற்கடித்து நெல்லூரில் வீராபிஷேகம் செய்துகொண்டான். "அப்போ நாம எனிமியா?" "அன்னிக்கு ஆமாம்மா." அதைக் கேட்டு முகம் சுருங்கிவிட்டது.

மேற்கே தேவகிரி யாதவ ராஜா மகாதேவன் படையெடுத்து வந்தான். இங்கேதான் நம்ம விஷயம். ஹேமாத்ரி என்று அவனுக்கு ஒரு மந்திரி, பெரிய பண்டிதர். அவர் எழுதி வைத்திருப்பது இதுதான்: மகாதேவன் ருத்ரமாவைப் பெண் என்பதால் கொல்லாமல் விட்டுவிட்டான்.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "அதே டயலாக்!"

அதேதான். ஆனால் யாதவர் பக்கமான பீதர் கோட்டையில் ருத்ரமாவின் படைத்தலைவன் பைரவனுடைய உடைந்த கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. பெரிய மனசோட விட்டவன் கோட்டைக்குள்ளே எதிராளியோட தளபதி கல்வெட்டு வைக்கிற அளவுக்கா விடுவான்? இரண்டு பக்கமும் பெருமையடித்திருப்பார்கள் என்பதையும் அவளிடம் சொன்னேன். மறைத்தால் நாளைக்கு அவளே தேடிப் பிடிப்பாள்.

"கடைசியில என்ன ஆச்சு?" இதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அடுத்த வாரிசாக அவள் தேர்ந்தெடுத்தது மகளுடைய மகன் பிரதாபருத்திரனை. அதாவது, நம்ம ருத்ரமா அப்போது ஒரு பாட்டி. அம்பதேவன் என்ற சிற்றரசன் கலகம் செய்கிற நேரம். 1289-ல் நல்கொண்டா பக்கம் சந்துப்பட்ல என்ற ஊரில் ஒரு கல்வெட்டு. ராணியும் அவள் தளபதி மல்லிகார்ஜுன நாயக்கரும் சிவலோகம் அடைந்ததற்காக, அந்தத் தளபதியிடம் வேலை பார்த்த ஒருவர் கொடுத்த நிலதானம். ராணிக்கும் தளபதிக்கும் சேர்ந்தே தானம் என்பதால் போரில்தான் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"பாட்டியைப் பொண்ணுன்னு யாரும் விடலையாப்பா?"

"விடலை."

அடுத்த வியாழன் அதே பையனோட ரீமேட்ச் கேட்டிருக்கிறாள். பீதர்னா எப்படி ஸ்பெல் பண்ணணும்னு நேற்று கேட்டாள்.