தைராய்டு மருந்தை நிறுத்தும் முன்

நீட்டிய விரல்களின்மேல் வைத்த மெல்லிய காகிதம் படபடவென்று நடுங்குவதையும், வயிறார உண்டும் தேகம் நாளுக்கு நாள் இளைப்பதையும், படுத்த பின்னும் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் கண்டு வைத்தியரிடம் சென்று, தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறது என்று அறிந்து, கார்பிமசோல் மாத்திரையை ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ தவறாமல் உண்டு, ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகிவிட்டது என்ற செய்தியையும் கேட்ட நோயாளி, தம் வியாதி வேரோடு ஒழிந்ததென்றே எண்ணிக்கொள்கிறார். அவரை அப்படி எண்ணவிட்டு அனுப்புவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உள்ளது, 1835-இல் டப்ளின் நகர வைத்தியர் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்த நோயே. அதில் குற்றம் சுரப்பியினுடையதன்று. தேகத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஒருவகை எதிர்ப்பொருளை உண்டாக்கிச் சுரப்பியை ஓயாமல் தூண்டுகிறது. மாத்திரையோ பிரதானமாக ஹார்மோன் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. தூண்டுதல் அடங்கிற்றா என்பதை ஹார்மோன் அளவு மாத்திரம் சொல்லிவிடாது. ஆகவேதான் மருந்தை நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதலாண்டுக்குள், நோய் திரும்புகிறது.

யாருக்குத் திரும்பும் என்பதை ஓரளவு முன்னறிய முடியும். நாற்பது வயதுக்கு உட்பட்டோர், ஆரம்பத்திலேயே ஹார்மோன் மிக உயர்ந்திருந்தோர், கழுத்துக் கழலை பெரிதாக உள்ளோர், புகைபிடிப்போர் ஆகியோருக்கு அபாயம் அதிகம். எல்லாவற்றினும் முக்கியமானது, மருந்தை நிறுத்தும் தறுவாயில் அந்த எதிர்ப்பொருளை அளந்து பார்க்கும் ‘ட்ராப்’ என்ற ரத்தப் பரிசோதனை. அளவு குறைந்திருந்தும் நோய் திரும்பியவர்கள் உண்டு; ஆயினும் அது உயர்ந்தே நிற்கும்போது நிறுத்துவது, திரும்பி வரும் என்று தெரிந்தே வாசலைத் திறந்து வைப்பதாகும். நிறுத்துமுன் இதை அளக்க வேண்டும் என்றே ஐரோப்பியத் தைராய்டு சங்கம் 2018-இல் வகுத்த நெறிமுறையும் கூறுகிறது.

செலவு அதிகம் என்பார்கள். சாதாரண தைராய்டு பரிசோதனையைவிட இதற்குப் பணம் கூடத்தான் ஆகும். ஆனால் நோய் அறியாமலே திரும்பி, முதியவர் ஒருவருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகிப் பக்கவாதம்வரை கொண்டுபோய்விடுமானால், அந்தச் செலவை யார் கணக்கிடுவது? அபாயம் அதிகமென்று முன்பே தெரிந்தவருக்கு, குறைந்த அளவு மருந்தையே மேலும் சில ஆண்டுகள் தொடர்வதா, கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சையை நாடுவதா என்று நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்ணுக்கு இந்த அவகாசம் இன்னும் அருமையானது. ஏனெனில் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் சென்றடையக்கூடியது.

ஆகவே, மருந்தை நிறுத்தலாம் என்று வைத்தியர் சொல்லும் நாளில், ‘ட்ராப்’ பார்த்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள். நிறுத்திய பின்னரும் முதலாண்டு முழுவதும், சில மாதங்களுக்கு ஒருமுறை, ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.