பிள்ளையே கேட்கட்டும்

விடுமுறைப் பயணம் புறப்படும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. உணவகத்தைத் தேர்ந்தெடுப்பவர் வாப்பா. ஹலாலா என்று விசாரிப்பவரும் அவரே. வளர்ந்த பிள்ளைகள் சற்றுத் தள்ளி, கைப்பேசியைப் பார்த்தபடி நின்றுகொள்வார்கள். பதினைந்து வயதில் அந்தக் கேள்வி அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஐயம் வந்தால் சைவ உணவகம் இருக்கவே இருக்கிறது என்று நாமும் தப்பித்துக்கொள்கிறோம். இந்த வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு பினாங்குக்குச் சென்றிருந்தோம். முதல் இரண்டு நாள்களும் நாங்கள் அழைத்துச் சென்ற இடங்களிலெல்லாம் மகன் பாதித் தட்டை மிச்சம் வைத்தான். மூன்றாம் நாள், "இன்று நீயே தேடு, நீயே விசாரி" என்று விட்டுவிட்டோம். கைப்பேசியில் பார்த்து, ஜார்ஜ் டவுனின் ஒரு தெருவோர நூடுல்ஸ் கடைக்கு அழைத்துச் சென்றான். மணம் நன்றாகத்தான் இருந்தது. தயங்கித் தயங்கி அவனே கேட்டான். கடைக்காரச் சீனப் பெண்மணி அடுப்பை விட்டு வந்து, பன்றிக் கொழுப்பில் சமைப்பதாக ஒளிவுமறைவின்றிக் கூறினார். தெருமுனைக்கு அப்பால் இருந்த நாசி கண்டார் கடைக்கு வழியும் காட்டினார். தன்னை யாரும் கேலி செய்யவில்லை என்ற நிம்மதி அவன் நடையிலேயே தெரிந்தது.

நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்பது இரு முனைகளிலும் பாத்திரம் தொங்கும் காவடித்தண்டு. தமிழ் முஸ்லிம்கள் அதைத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறும் கறியும் விற்ற நாள்களில் வந்த பெயர் அது. இதைப் பரிமாறிய பெரியவரே மகனுக்குச் சொன்னார். எங்கள் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தவர், தம் பாட்டனார் கடையநல்லூர்க்காரர் என்றார். சோற்றின் மேல் கணவாய், வெண்டைக்காய், அதன் மேல் மூன்று நான்கு குழம்புகள். வீட்டில் இரு குழம்புகள் கலந்தாலே முகம் சுளிக்கும் பிள்ளை, 'பஞ்சிர்' என்று கேட்டு வாங்கினான். வெள்ளம் என்று பொருள்! தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சிறுவராக இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்தப் பாடம் நடந்த இடம் உணவுத் தட்டின் முன்தான்.

பிள்ளை தவறாகத் தேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் அஞ்சலாம். நாம் பக்கத்தில் இருக்கும்போதே தவறட்டும். இரண்டொரு ஆண்டுகளில் கல்லூரிக்கென வேற்றூர் போய்விடுவார்கள். அங்கே நண்பர்கள் நடுவில் இக்கேள்வியைக் கேட்க வாப்பா வரமாட்டார்.

மறுநாள் ஈப்போவில், நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் அவன் கடைக்குள் சென்று திரும்பியிருந்தான். ஜாக்கிம் ஹலால் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதாம். சாப்பாடு என்னவோ சுமார்தான்.