850 வாட் யாருக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

நம் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் காலேஜ் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் டெஸ்க்டாப் வாங்கும் பேச்சு நடக்கிறது. நல்லதுதான். ஆனால் போன வாரம் இரண்டு வீட்டு எஸ்டிமேட் தாள்களைப் பார்த்தேன், கோபம்தான் வந்தது. ஒன்றில் எஸ்.எம்.பி.எஸ். 850 வாட், விலை ரூ.8,500. இன்னொன்றில் கேபினட்டோடு சேர்த்து "450 வாட்" எஸ்.எம்.பி.எஸ்., இரண்டும் சேர்ந்து ரூ.1,600. முதல் வீட்டில் அது மகளிர் குழுக் கடன். இரண்டாம் வீட்டில் அம்மாவின் கம்மல் அடகுக்கடையில் இருக்கிறது. கடைகளின் பெயர் வேண்டாம். ஆள்தான் வேறு, பேச்சு எங்கேயும் ஒன்றுதான்.

"வாட்டேஜ் பற்றி டீச்சருக்கு என்ன தெரியும்?" என்று ஒரு தம்பி கேட்டான். கூட்டலும் பெருக்கலும் தெரியும் தம்பி. உனக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன். இதற்கு அது போதும்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களுக்கு 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். இன்றைய கம்ப்யூட்டரில் அதிகம் குடிப்பவை பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும். இரண்டும் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்து.

முதல் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பிராசஸர் இன்டெல் ஐ5-12400. முழு மூச்சாக ஓடும்போது 117 வாட் என்று இன்டெல்லே போட்டிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறி எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வையுங்கள். மொத்தம் 167. இதற்கு எதற்கு 850? பைபர் படகுக்குப் பத்துக் குதிரைத்திறன் போதும் என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவர்கள் தலையிலேயே விசைப்படகு இன்ஜினைக் கட்டப் பார்க்கிறார்கள்.

"பின்னாடி கிராபிக்ஸ் கார்டு போடுவீங்களே அக்கா" என்றானாம் கடைப் பையன். போடட்டுமே. ஆர்டிஎக்ஸ் 3060 போட்டாலும் அதற்கு 170 வாட். கூட்டினால் 337. கார்டு கண் இமைக்கும் நேரத்துக்குள் திடீரென்று அதிகம் இழுக்கும், அதற்கும் இடம் விட வேண்டும் என்பது உண்மை. அந்த இடத்தையும் சேர்த்துத்தான் என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் கேட்கிறது. அதே கம்பெனி 850 கேட்பது ஆர்டிஎக்ஸ் 4090-க்கு. அந்தக் கார்டே லட்ச ரூபாய்க்கு மேல். குழுக் கடனில் யார் அதை வாங்கப் போகிறார்கள்?

850 போட்டால் கரண்ட் பில் எகிறும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தாலும் குழாயைத் திறந்த அளவுக்குத்தானே தண்ணீர் செலவாகும்? போகிறது பில் இல்லை, வாங்கும்போது கொடுக்கிற காசு.

இரண்டாம் வீட்டு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. பையன் வீடியோ எடிட்டிங் படிக்கிறான். அதே பிராசஸர் வகை, கூட ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு, 130 வாட். பணத்தையெல்லாம் கார்டில் போட்டுவிட்டு, அதற்குச் சோறு போடுகிற பெட்டியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். போட்டோ அனுப்பச் சொல்லி லேபிளைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 450. கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பெருக்குங்கள்: 192 வாட். பிராசஸரும் கார்டும் மட்டுமே 247 கேட்கும். அந்த 450 எங்கே போனது? யாருக்கும் அவ்வளவு தேவைப்படாத 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்குகளைச் சேர்த்துக் காட்டிய எண் அது. நேர்மையான 450-இல் 12 வோல்ட் மட்டுமே 35 ஆம்பியருக்கு மேல், அதாவது 420 வாட்டுக்கு மேல் இருக்கும். இதோடு, கார்டுக்குப் போக வேண்டிய வயரே அந்தப் பெட்டியில் இல்லை, "கன்வர்ட்டர் போட்டுத் தர்றேன்" என்றாராம். ஹார்டு டிஸ்க்குக்கு விட்ட மெல்லிய வயரில் கார்டை ஓட்டினால் பிளக் சூடாகி உருகும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. கம்மல் மீளாமலே கம்ப்யூட்டர் போய்விடும்.

என் கட்சி இதுதான்: முதல் வீட்டுக்கு நல்ல கம்பெனியின் 450, இரண்டாம் வீட்டுக்கு 550. வாட்டில் மிச்சமாகும் காசைத் தரத்தில் போடுங்கள். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகிறது என்பதற்கான முத்திரை, மற்ற எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் இல்லை. வாரண்டி எத்தனை வருஷம் என்றும் பாருங்கள்.

நமக்கு இன்னொரு தொல்லை கடல் காற்று. உப்பும் ஈரத் தூசியும் உள்ளே படிந்து பின்னெல்லாம் பச்சை பூக்கும். பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் வேலை வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

யு.பி.எஸ்.ஸிலும் இதே எண் விளையாட்டு உண்டு. 600 விஏ என்றால் 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரும் அதிலேதான் ஓடும்.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் எஸ்டிமேட்டையும் எஸ்.எம்.பி.எஸ். லேபிளையும் போட்டோ எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பார்த்துப் பதில் போடுகிறேன். லேபிள் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்புவேன்.