சாதனை எண்ணும் பட்லாவின் வெயிலும்

பெரோவ்ஸ்கைட்–சிலிக்கான் அடுக்குச் சூரிய மின்கலத்தின் திறன் 34 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. தனிச் சிலிக்கான் கலத்தின் கோட்பாட்டு வரம்பே ஏறத்தாழ 29.4 விழுக்காடுதான். 2009இல் 3.8 விழுக்காட்டில் தொடங்கிய ஒரு பொருள் இவ்வளவு விரைவில் இந்த உயரத்துக்குத் துணைநின்றிருப்பது பெருஞ்சாதனை, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஒற்றை எண்ணையே ஆய்வின் அளவுகோலாகக் கொள்வது இந்தியாவுக்குப் பொருந்தாது.

இத்தகைய சாதனைகளுள் பல, சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கலங்களில், 25 டிகிரி செல்சியசில் அளக்கப்பட்டவை. ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவிலோ கோடையில் பலகையின் வெப்பநிலை 60 டிகிரியைக் கடக்கக்கூடும். மேலடுக்கின் ஆற்றல் இடைவெளியை 1.68 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு உயர்த்த அயோடைடுடன் புரோமைடு கலக்கப்படுகிறது. தொடர்ந்து ஒளி படும்போது இவ்விரண்டும் பிரிந்து தனித்தனித் திட்டுகளாகின்றன; மின்னழுத்தம் சரிகிறது. இருமுனைக் கலத்தில் அடுக்குகள் தொடரிணைப்பில் இருப்பதால், குறைவாக மின்னோட்டம் தரும் அடுக்கே முழுக் கலத்தையும் கட்டுப்படுத்தும். மேலடுக்கு நலிந்தால், பழுதில்லாத சிலிக்கானின் உழைப்பும் வீணாகும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 30 விழுக்காட்டுத் திறனுள்ள அடுக்குப் பலகை ஆண்டுக்குத் தன் தொடக்கத் திறனில் 3 விழுக்காட்டையும், 24 விழுக்காட்டுச் சிலிக்கான் பலகை அரை விழுக்காட்டையும் இழப்பதாகக் கொள்வோம். எட்டாம் ஆண்டிலேயே முன்னது பின்னதற்குக் கீழிறங்கிவிடும். 25 ஆண்டுச் சராசரி முறையே 18.75, 22.5 என அமையும்.

திறன் உயர்ந்தால் நிலம், கண்ணாடி, சட்டம், நிறுவும் கூலி ஆகிய அனைத்தும் குறையும் என்பது வலுவான வாதமே. ஆனால் அந்தச் சேமிப்பு பலகை நிலைத்து நின்றால்தான் கைக்கு வரும்.

ஆகவே மாற வேண்டியது மதிப்பீட்டு முறை. 85 டிகிரி வெப்பநிலையிலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரச் சோதனை, ஒரு முழுக் கோடையும் மழைக்காலமும் கண்ட வெளிப்புறத் தரவு ஆகியவற்றை ஆய்வேட்டுக் குழுக்களும் ஆய்விதழ்களும் கேட்க வேண்டும். அரை விழுக்காடு கூட்டிய மாணவருக்குக் கிடைக்கும் மதிப்பு, கலம் ஏன் செத்தது எனக் கண்டறிந்த மாணவருக்கும் கிடைக்க வேண்டும். பட்லாவின் வெயிலைத் தாங்கும் கலம் பின்னவரின் குறிப்பேட்டிலிருந்துதான் பிறக்கும்.