அதே 78 சீட்டு, ஆளுக்கொரு விலை: டாரட் மறுபதிப்புல எதுக்குக் காசு கொடுக்கறீங்க?



ரைடர்-வெய்ட்-ஸ்மித் டாரட் கட்டு ஒண்ணு வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடினா தலை சுத்தும். அதே 78 சீட்டு, அதே படங்கள். ஒரு இடத்துல சில நூறு ரூபாய், இன்னொரு இடத்துல ஆயிரக்கணக்குல, "லிமிடெட் எடிஷன்"னு முத்திரை குத்தின பெட்டின்னா அதுக்கும் மேல. டாரட் பலிக்குமா பலிக்காதாங்கிற பஞ்சாயத்துக்கு நான் வரலை. (சீட்டைப் பார்த்து ஷேர் மட்டும் வாங்காதீங்க, ப்ளீஸ்.) என் கேள்வி வேற. நீங்க கொடுக்கிற விலையில பொருளுக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு?

இந்தக் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் மூலமாக வெளிவந்தது. திட்டம் ஏ.இ. வெய்ட்டுடையது, ஓவியம் பமீலா கோல்மன் ஸ்மித்துடையது. அவருக்குக் கிடைச்சது ஒரு மொத்தத் தொகை மட்டும்தான், ராயல்டி கிடையாது. வேலையை முடிச்ச கையோட புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதின கடிதத்திலேயே, வேலை பெருசு, காசு கம்மின்னு சொல்லியிருக்கார். 1951-ல் இங்கிலாந்தின் பியூட் என்ற ஊரில் கடனோடுதான் இறந்தார். உலகம் முழுக்க இன்னிக்கும் விக்கிற ஒரு பொருளை வரைஞ்சவருடைய கணக்கு இது. ராயல்டியா, மொத்தத் தொகையான்னு யோசிக்கிற ஓவியர்கள் யாராவது இதைப் படிச்சா, கொஞ்சம் நின்னு பாருங்க.

அவர் இறந்த வருஷம் உங்க பர்ஸுக்கும் முக்கியம். இந்தியச் சட்டப்படி காப்புரிமை, படைப்பாளி இறந்த பிறகு 60 வருஷம். அதனால ஸ்மித்தின் படங்கள் இங்கே 2012-லேயே பொதுச்சொத்து ஆகிடுச்சு. 70 வருஷக் கணக்கு வெச்சிருக்கிற பிரிட்டனில் 2022 ஜனவரியில். அதாவது, 1909 படங்களை யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனா ஒரு பதிப்பகம் இப்போ புதுசா போட்ட வண்ணம், எழுதின கையேடு, வடிவமைச்ச பெட்டி இதெல்லாம் அவங்களுடையது. பழைய படங்களை எடுத்து தன் சொந்தப் பெயரில் விக்கிறவர் திருடர் இல்லை. இன்னொரு கம்பெனி பெட்டியையும் லோகோவையும் அப்படியே காப்பியடிச்சு விக்கிறவர்தான் போலி. விலை கம்மின்னு மட்டும் பார்த்து ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சரி, எந்தப் பதிப்பு? ஸ்மித்தின் மூல ஓவியங்கள் இன்று நம்மிடம் இல்லை. எனவே "அசலிலிருந்து எடுத்தது"ன்னு யார் சொன்னாலும், அதுக்கு அர்த்தம் பழைய அச்சுக் கட்டு ஒன்றிலிருந்து எடுத்தது என்பதுதான். அந்தப் பழைய கட்டுகளிலேயே கோடுகளிலும் பின்பக்க டிசைனிலும் வித்தியாசம் உண்டு. சேகரிப்பாளர்கள் ஏ, பி, சி, டி என்று வகை பிரிச்சு வெச்சிருக்காங்க.

கடைகளில் அதிகம் பார்க்கிற மஞ்சள் பெட்டி, அமெரிக்காவின் யு.எஸ். கேம்ஸ் சிஸ்டம்ஸ் பதிப்பு. சீட்டிலேயே 1971-ன்னு காப்புரிமை வரி இருக்கும். வண்ணம் பளிச்னு இருக்கும், ஆனா சீட்டின் பெயர்கள் அச்சு எழுத்தில் மாத்தினவை. அதே நிறுவனம் நூற்றாண்டுக்காக 2009-ல் கொண்டுவந்த ஸ்மித்-வெய்ட் சென்டெனியல் பதிப்பில் நிறம் அடங்கி, 1909 கட்டின் தொனியில் இருக்கும். ஸ்மித்தே கைப்பட எழுதின எழுத்துகளும் திரும்பி வந்தாச்சு. வரலாற்றுக்காக வாங்குறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ரெண்டுக்கும் நடுவில் விலை வித்தியாசம் பெருசா இருக்காது. பளிச் நிறம்தான் பிடிக்கும்னா மஞ்சள் பெட்டியை வாங்குங்க, அதுல தப்பே இல்லை.

நான் ஒத்துக்காதது "இது நாளைக்கு விலை ஏறும்"கிற பேச்சை. 1909 அசல் கட்டு அரிய பொருள். இனிமே ஒண்ணுகூட உருவாகப் போறதில்லை. மறுபதிப்பு அப்படியா? படம் பொதுச்சொத்து. இந்த வருஷம் 500 பிரதிதான்னு ஒருத்தர் எண் போட்டு விக்கலாம். அடுத்த வருஷம் இன்னொருத்தர் அதைவிட நல்ல ஸ்கேனோட 5,000 பிரதி போடலாம். யாரும் தடுக்க முடியாது. அந்தத் தட்டுப்பாடு விக்கிறவர் உண்டாக்கினது. போதாததுக்கு, பிரிச்சா மறுவிற்பனை மதிப்பு போச்சு, பிரிக்கலைன்னா படத்தையே பார்க்க முடியாது. டிவிடெண்டும் இல்லை, வட்டியும் இல்லை. இதை "முதலீடு"ன்னு பட்ஜெட்ல எழுதாதீங்க. பொழுதுபோக்குச் செலவுன்னு எழுதிட்டு, சந்தோஷமா செலவு பண்ணுங்க.

மலிவுக்கட்டு எப்பவுமே லாபம்னும் நினைக்க வேண்டாம். 400 ரூபாய் கட்டு வருஷத்துக்குள்ள ஓரம் பிஞ்சு போச்சுன்னா அஞ்சு வருஷத்துல 2,000 ரூபாய். அதே 2,000-க்கு ஒரே நல்ல கட்டு அஞ்சு வருஷம் உழைச்சா, கணக்கு சரிசமம். கையில பிடிக்கிற சுகம் கூடுதல்.

விலை கூடினாலும் நியாயமா இருக்கிற இடமும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டு மிலானின் விஸ்கோன்ட்டி-ஸ்ஃபோர்ட்ஸா கட்டு அசலில் தங்க ரேக் பதிச்சது. மறுபதிப்பில் அந்தப் பொன்னிறத்தை உலோகத் தாளால கொண்டுவர அச்சகத்துக்கு நிஜமாவே செலவு ஆகும், அதுக்குக் காசு கொடுக்கலாம். ஒண்ணு கவனிங்க: அதில் மிஞ்சியிருக்கிறது 74 சீட்டுதான். சாத்தான், கோபுரம் உட்பட நாலு சீட்டு இல்லை. 78-ம் இருக்கிற மறுபதிப்புன்னா, அந்த நாலை இந்தக் காலத்து ஓவியர் ஒருத்தர் வரைஞ்சிருக்கார்னு அர்த்தம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீங்கன்னா, சுங்கத் தீர்வை கட்டின் விலைக்கு மட்டும் இல்லை. கூரியர், இன்ஷூரன்ஸ் சேர்த்த மதிப்புக்கு. அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, கூரியர் கம்பெனியின் தனிக் கட்டணம். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ற விலையைப் போட்டுப் பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

அதுக்கும் முன்னாடி விக்கிறவர்கிட்ட எந்த வருஷத்துக் கட்டிலிருந்து ஸ்கேன் எடுத்தது, நிறத்தை மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க. ஒரு சீட்டின் குளோசப் படமும் அனுப்பச் சொல்லுங்க. கறுப்புக் கோடு புள்ளி புள்ளியா உடைஞ்சு தெரிஞ்சா, பெட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.