மீட்டருக்குச் சிக்காத வில்லன்!

திருவான்மியூர்க்காரங்களுக்கு ஒரு சாபம் உண்டு மக்களே. சைக்கிள் செயின்ல ஆரம்பிச்சு ஜன்னல் கம்பி வரைக்கும் உப்புக்காத்து ஒண்ணையும் விட்டுவைக்காது. என் மாடி ரூம்ல ஓடுற ஹெச்.ஓ. மாடல் ரயிலை மட்டும் விட்டுடுமா? தண்டவாளத்துல அழுக்கு படியும். சக்கரம் விட்டு விட்டுத் தொடும், பொறி பறக்கும்.

போன மாசம் இன்ஜின் தடம் புரண்டு ஷார்ட் ஆச்சு. தூக்கி நேரா வெச்சேன். அசையலை. உள்ளே இருந்த டீகோடர் காலி. ஆறு மாச பாக்கெட் மணி பாஸ்! மல்டிமீட்டர்ல பார்த்தா வோல்டேஜ் பரம சாதுவா இருக்கு. அப்போ கொன்னது யாரு?

டி.சி.சி. முறையில தண்டவாளத்துல சுமார் 15 வோல்ட் ஓடும். பிளஸ், மைனஸ் நொடிக்குப் பல ஆயிரம் தடவை மாறும். ஷார்ட் ஆனா கரண்ட் எகிறும், பாதுகாப்பு சர்க்கியூட் சட்டுனு வெட்டும். வேகமா போற பஸ் பிரேக் அடிச்சா நிக்கிறவங்க முன்னாடி சாயற மாதிரி, ஒயர்ல ஓடிக்கிட்டிருந்த கரண்ட் திடீர்னு நின்னா வோல்டேஜ் ஒரு தாவு தாவும். அதோட ஆயுசு சில மைக்ரோசெகண்ட். மீட்டரோ நொடிக்கு ரெண்டு மூணு தடவைதான் கண்ணைத் திறக்குது. அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. தரப்படி ஹெச்.ஓ. டீகோடர் 27 வோல்ட்டாவது தாங்கணும். அதுக்கு மேல போனா, நம்ம அதிர்ஷ்டம்.

வில்லனைப் பிடிக்கப் பறக்கும் ரயில் ஏறினேன். சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடை.

"அண்ணா, 1என்4007 டயோடு நாலு."

"எதுக்கு தம்பி?"

சொன்னேன். சிரிச்சார். "அது வீட்டு கரண்டுக்கு, 50 ஹெர்ட்ஸ் ஆளு. உன் ரயிலு வேகத்துக்கு 1என்4148 எடு."

செய்முறை ரொம்ப ஈஸி. நாலு டயோடையும் பிரிட்ஜா கோர்த்துக்குங்க. அதோட ஏ.சி. முனை ரெண்டும் தண்டவாளத்துக்கு. பிளஸ், மைனஸ் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர். அதுக்குக் குறுக்கே மீட்டர், டி.சி. 200 வோல்ட் ரேஞ்ச். தாவின வோல்டேஜ் கெப்பாசிட்டர்ல ஏறிக்கும், மீட்டர் வழியா மெதுவாத்தான் இறங்கும். 10 மெகாஓம் மீட்டர்னா சுமார் ஒரு நொடி நிக்கும். மலிவு மீட்டர் பலதும் 1 மெகாஓம்தான். நீங்க படிக்கிறதுக்குள்ள நம்பர் ஓடிடும்.

இன்ஜினையெல்லாம் எடுத்துட்டு, தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு ரூபாய்க் காசை வெச்சு எடுத்தேன். 14-ல இருந்த மீட்டர் 31-க்குத் தாவிச்சு. அகப்பட்டான்!

அப்புறம் ரெண்டு ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி, நீளத்தைக் குறைச்சு, கடைசி முனையில 22 வோல்ட் இருமுனை டி.வி.எஸ். டயோடு ஒண்ணு போட்டேன். மறுபடியும் காசு. 23-ஐத் தாண்டலை. வாராவாரம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால தண்டவாளத்தைத் துடைக்கிறது தனி டூட்டி.

ரெண்டு எச்சரிக்கை. பிரிட்ஜ் ஒரு வோல்ட்டுக்கு மேல சாப்பிடும், கெப்பாசிட்டரும் தாவலைக் கொஞ்சம் விழுங்கும். அதனால நிஜ உச்சம், மீட்டர் காட்டினதை விட அதிகமாத்தான் இருக்கும். இது ஆஸிலோஸ்கோப் இல்லை, வாசல்ல குரைக்கிற நாய். இன்னொண்ணு, வீட்டு 230 வோல்ட் பிளக் பக்கம் இதைக் கொண்டே போகாதீங்க.

அடுத்த டீகோடருக்கு உண்டியல் ரெடி. இந்தத் தடவை காவல்காரன் முதல்ல, ரயில் அப்புறம்!